ஆடுகிற பல்லைப் பிடுங்கும் முன்

காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் 57 வயது வாசகர் ஒருவர், தாடை எக்ஸ்ரே படத்தையும் சேர்த்து அனுப்பி எழுதியிருக்கிறார்:

"டாக்டருங்களுக்கு வணக்கம். கீழே வலப்பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப் பல்லும் ஆறு வருசத்துக்கு முன்னாலேயே எடுத்தாச்சு. மேலே இடப்பக்கம் ஒன்று போன வருசம் போனது. இப்போது மேல் முன்பல் நாலும் லேசாக ஆடுகிறது. ஈரோட்டில் ஒரு இடத்தில், மேல்வரிசை மொத்தத்தையும் எடுத்துவிட்டு மூன்றே நாளில் நிலையான பல் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். கோவையில் இன்னொருவர், மூன்று இம்பிளாண்ட் வைக்கணும், மேலே எலும்புப் பொடி போடணும், ஏழெட்டு மாதம் ஆகும் என்கிறார். எங்கள் ஊர் டாக்டரோ, 'எதுக்குங்க இத்தனை செலவு, கழற்றி மாட்டுகிற செட்டே போதும்' என்கிறார். சர்க்கரை பத்து வருசமாக இருக்கிறது. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.9. நெஞ்சுக்காகத் தினம் ஒரு ஆஸ்பிரின். வெற்றிலை போடும்போது ஒரு துண்டு புகையிலையும் உண்டு. தை மாதம் பையனுக்குக் கல்யாணம், நாலு மாதம்தான் இருக்கிறது. பணத்தை நினைக்காதீங்கப்பா, நல்லதாகப் பார்த்துச் செய்யுங்க என்று பொண்ணு போனில் சொல்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? வலிக்குமா? அப்புறம், கடலை தின்ன முடியுமா?"

வணக்கம்ங்க அண்ணா. காங்கேயத்திலிருந்து பல்லைப் பற்றிக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து, இரண்டு பல்லா நாலு பல்லா என்று நொடியில் சொல்லி விலையும் பேசி முடித்துவிடுவீர்கள். நாங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் தலையைச் சொறிகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேல்வரிசையை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வாயைப் பார்க்காமல் முழு வைத்தியமும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு விஷயம் நன்றாகவே தெரிகிறது. ஆடுகிற அந்த நாலு முன்பல்லுக்கும் வேரில் பாதிக்கு மேல் இன்னும் எலும்புக்குள்தான் நிற்கிறது. அப்படி நிற்கிற பல்லை ஈறு வைத்தியம் செய்து காப்பாற்ற முயல வேண்டும். பல வருடம் ஓட்டலாம். பிடுங்கிய பல்லைத் திரும்ப நட முடியாது.

அது ஏன் ஆடுகிறது? காரணம் இரண்டு. ஒன்று ஈறு நோய். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பற்காரை படிந்து, அதில் கிருமி சேர்ந்து, வேரைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வலிக்காது. துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும், காலையில் வாய் நாறும், அவ்வளவுதான். அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு இது வேகமாக முற்றும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈறு புண்ணாகவே இருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும். ஈறு வைத்தியத்தை ஒழுங்காகச் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் அந்தச் சராசரி எண் அரைப் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மாத்திரையையும் சாப்பாட்டையும் கவனிப்பதோடு இதுவும் சேர்ந்தால் உங்கள் சர்க்கரை டாக்டர் சந்தோசப்படுவார்.

இரண்டாவது காரணத்தை உங்களிடம் யாருமே சொன்னதாகத் தெரியவில்லை. முன்பல் கடிப்பதற்கு, கடைவாய்ப் பல் அரைப்பதற்கு. ஆறு வருடமாக வலப்பக்கம் அரைக்கப் பல் இல்லை. போன வருடம் இடப்பக்கமும் ஒன்று குறைந்தது. அரைக்கிற வேலையெல்லாம் முன்பல் தலையில் விழுந்திருக்கிறது. ஏற்கெனவே ஈறு தளர்ந்த பல்லின் மேல் இந்தப் பாரமும் ஏறினால் அது ஆடாமல் என்ன செய்யும்? பின்னால் பாரத்தைத் தாங்க ஏற்பாடு செய்யாமல் முன்னால் என்ன செய்தாலும் நிற்காது.

மூன்று நாள் பல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது முழுக்க ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். பல்லே இல்லாத, எலும்பும் தேய்ந்துபோன ஒருவருக்கு, நீளமான திருகுகளைத் தாடையின் கெட்டியான பாகத்தில் பிடிக்கவைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, உடனே பல் மாட்டுவது உண்டு. ஆளைப் பார்த்துச் செய்தால் நன்றாகவே இருக்கும். எனக்கு ஆகாதது, அதை மாட்டுவதற்காகவே நிற்கிற பல்லை எடுப்பதுதான். தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் வந்தார். வேறெங்கோ அப்படி மொத்தமாகக் கட்டியது. ஒரே ஒரு திருகைச் சுற்றிச் சீழ் வைத்திருந்தது. எல்லாம் ஒரே கோப்பாக இருந்ததால் ஒன்றைப் பார்ப்பதற்கு முழுவதையும் கழற்ற வேண்டியதாயிற்று. "எடுத்த பல்லில் ஏழெட்டாவது நல்லாத்தான் இருந்துச்சுங்க சாமி" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

சரி, இப்போது கீழே வலப்பக்கம். அங்கே போனது கடைசி இரண்டு பல். அதற்குப் பின்னால் பல் இல்லாததால் பிரிட்ஜ், அதாவது இருபுறப் பல்லையும் பிடித்து நடுவில் பல் கட்டுவது, முடியாது. பாலம் கட்ட இரண்டு பக்கமும் தூண் வேண்டுமே. மீதி இருப்பது கழற்றி மாட்டும் செட்டும் இம்பிளாண்ட்டும்தான். உங்கள் ஊர் டாக்டர் செலவை நினைத்து நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு பக்கத்து இரண்டு பல்லுக்கு மட்டும் சின்னதாகச் செட் செய்தால் அது தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகிற ஆபத்து உண்டு. அதனால் நாக்குக்கு அடியில் ஒரு பட்டை போட்டு மறுபக்கம் வரை கொண்டுபோவோம். இரண்டு பல்லுக்காக வாய் நிறைய ஒரு சாமான். வாங்கிப் போனவர்களில் பல பேர் வீட்டில் அது டம்ளர் தண்ணீரில் கிடக்கும். ஆகவே அந்த இடத்துக்கு மட்டும் என் வாக்கு இம்பிளாண்ட்டுக்குத்தான். இரண்டு போதும்.

இம்பிளாண்ட் என்பது டைட்டானியத்தில் செய்த ஒரு திருகு. ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் தடிமன், பத்து மில்லிமீட்டர் நீளம். தாடை எலும்பில் துளையிட்டு அதை இறக்கி, எலும்பு பிடித்த பிறகு மேலே ஒரு இணைப்பும், அதன் மேல் பல் வடிவத்தில் ஒரு கேப்பும் வைப்பது. டைட்டானியத்தை எலும்பு இப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தவர் பல் டாக்டர்கூட இல்லை. பெர்-இங்வார் பிரோனெமார்க் என்று சுவீடன் நாட்டு மருத்துவர். 1952-ல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை முடிந்து கருவியை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த மனிதர் அதே இம்பிளாண்ட்டோடு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

அந்த ஒட்டுதலுக்கு நேரம் வேண்டும். உங்கள் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்து வேலிக்குக் கிளுவைக் கிளையை வெட்டிப் போத்தாக நடுகிறீர்கள். துளிர்த்துவிட்டதா என்று தினமும் ஆட்டிப் பார்த்தால் வேர் பிடிக்குமா? கீழ்த்தாடை எலும்பு கெட்டி, இரண்டு மூன்று மாதத்தில் பிடித்துவிடும். மேல்தாடை எலும்பு கொஞ்சம் பொதபொதவென்று இருக்கும், நாலு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். மேலே எலும்புப் பொடி வேலையும் சேர்ந்தால் கோவை டாக்டர் சொன்ன ஏழெட்டு மாதக் கணக்கு வந்துவிடும். அவர் இழுத்தடிக்கவில்லை.

ஆனால் இந்த எக்ஸ்ரே மட்டும் போதாது. இது உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. பல் எடுத்த முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடலாம். உங்களுக்கோ ஆறு வருடம். நாலு மில்லிமீட்டர் திருகைச் சுற்றி இருபுறமும் எலும்பு மிச்சம் இருக்க வேண்டும் என்றால் ஆறேழு மில்லிமீட்டர் அகலமாவது தேவை. அப்புறம், கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. திருகின் நுனி அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பட்டுவிட்டால் உதடு மரத்துப்போகும், சிலருக்குத் திரும்பாமலே போய்விடும். இதற்குத்தான் எலும்பின் உயரம், அகலம், நரம்பு எல்லாவற்றையும் காட்டுகிற சி.பி.சி.டி. ஸ்கேன். அது இல்லாமல் அந்த இடத்தில் துளையிட வருகிறவரிடம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். போர் போடுமுன் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கலாம், தப்பினால் பணத்தோடு போகும். தாடைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

இன்னொன்று. கீழே பல் இல்லாத இடத்துக்கு நேர் மேலே இருக்கிற பல், எதிரே தடுப்பு இல்லாததால் மெதுவாகக் கீழே இறங்கும். உங்கள் படத்திலும் வலது மேல் கடைவாய்ப் பல் இறங்கியிருக்கிறது. கேப்புக்கு இடம் போதவில்லை என்றால் அந்தப் பல்லைக் கொஞ்சம் தேய்த்துச் சமன் செய்ய வேண்டிவரும். அப்போது திடுக்கிடக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்கிறேன்.

மேலே இடப்பக்கம் வேறு கதை. கோவையில் எலும்புப் பொடி கேட்டதற்குக் காரணம், மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேலே கன்னத்துக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. பல் போனதும் அது கீழே இறங்கி எலும்பு மெலிந்துவிடும். அதைத் தூக்கி, அடியில் பொடி நிரப்பினால்தான் திருகு நிற்கும். செய்யக்கூடியதுதான். ஆனால் உங்களுக்கு அது அவசியமா? படத்தைப் பார்த்தால் போன பல்லுக்குப் பின்னால் இருப்பது ஏற்கெனவே ரூட் கெனால் செய்து கேப் போட்ட பல். முன்னால் இருப்பதில் பெரிய சிமென்ட் அடைப்பு. இரண்டுமே எப்படியும் உறை போட வேண்டிய பற்கள். அவற்றைத் தூணாக வைத்து ஒரு பிரிட்ஜ் கட்டிவிடலாம். பக்கத்தில் நல்ல பல் இருந்தால் அதைத் தேய்த்துப் பிரிட்ஜ் கட்டுவதை நான் விரும்பமாட்டேன். இங்கே அந்தப் பாவம் ஏற்கெனவே நடந்து முடிந்தது. பொடியும் வேண்டாம், ஆறு மாதமும் வேண்டாம்.

அந்தப் பொடியைப் பற்றி ஒரு பேச்சு. உங்களுக்கு இப்போது தேவைப்படாவிட்டாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஆகும். பரவலாகப் பயன்படுகிற எலும்புப் பொடி, மாட்டு எலும்பிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. உயிர்ப்பொருள் எதுவும் மிஞ்சாமல் தாது மட்டும் இருக்கும்படி பதப்படுத்தியிருப்பார்கள், பாதுகாப்பானதுதான். ஆனாலும் மாட்டுக்குப் பொங்கல் வைக்கிற வீட்டு ஆளின் வாயில் சொல்லாமல் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிலர் "பரவாயில்லைங்க" என்பார்கள், சிலர் முகம் மாறிவிடும். வேண்டாம் என்றால் கால்சியம் பாஸ்பேட்டில் செய்த செயற்கைப் பொடி இருக்கிறது, உங்கள் தாடையிலிருந்தே எடுத்து வைக்கிற எலும்பும் இருக்கிறது. என்ன பொடி என்று கேளுங்கள். கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது உங்கள் கையில் இருக்கிற வேலை. 8.9-ல் நான் இம்பிளாண்ட் வைக்கமாட்டேன். 8-க்குக் கீழே வந்தால் பேசலாம், 7-க்குப் பக்கத்தில் வந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். சர்க்கரை ஏறியிருக்கும்போது புண் சீக்கிரம் ஆறாது, எலும்பும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். ஈறு நோயைத் தீர்க்காமல் வைத்தாலும் அப்படித்தான். பல்லைச் சுற்றியிருந்த அதே கிருமிகள் திருகைச் சுற்றியும் குடியேறும். திருகு சொத்தையாகாது என்பது நிஜம். சுற்றியிருக்கிற ஈறும் எலும்பும் கெடும், அதுவும் வலியே இல்லாமல்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு இம்பிளாண்ட்டுக்கு நிறுத்த வேண்டியதும் வராது. ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசியும், பஞ்சை அழுத்தி நிறுத்திவிடுவோம். ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரையும் சேர்ந்திருந்தால் நெஞ்சு டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள். வீட்டில் அண்ணிக்கும் பல் வைக்கிற யோசனை இருந்தால், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதம், வருடம் என்று ஒரு ஊசியோ போடுகிறாரா என்று கேட்டு, பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். அவற்றில் சில மருந்துகள் தாடைப் புண்ணை ஆறவிடாமல் செய்யும்.

புகையிலை ஒரு துண்டுதானே என்கிறீர்கள். நான் இம்பிளாண்ட்டுக்காக மட்டும் விடச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, புகையிலை ஒதுக்குகிற பக்கத்துக் கன்னத்தைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முன்னைப்போல அகலமாகத் திறக்காமை, இதில் எது இருந்தாலும் பல்லை மறந்துவிட்டு அதை முதலில் காட்டுங்கள்.

வலியைப் பற்றிக் கேட்டீர்கள். பல் எடுக்கும்போது போடுகிற அதே மரப்பு ஊசிதான். அதிர்வு தெரியும், சத்தம் கேட்கும். இரண்டு மூன்று நாள் வீக்கம். "பல் பிடுங்கினப்போ இதைவிட வலிச்சுது" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

செலவு, நம் பக்கம் ஒரு பல்லுக்குச் சுமார் 25,000-லிருந்து 50,000 ரூபாய் வரை சொல்வார்கள். திருகு கொரியாவா, இஸ்ரேலா, சுவிட்சர்லாந்தா என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும். திருகு, இணைப்பு, கேப், ஸ்கேன் எல்லாம் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். திருகுக்கு மட்டும் விலை சொல்லிவிட்டுக் கேப்புக்குத் தனியாகக் கேட்கிற கதை நிறைய உண்டு. குமாரபாளையம், திருச்செங்கோடு, சேலம், கோவை பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைவாக ஆகும், ஆனால் நடை அதிகம். எங்கே வைத்தாலும், திருகின் கம்பெனி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். ஒரு கம்பெனி மோட்டாரின் ஸ்பேர் இன்னொன்றுக்குச் சேராதது போலத்தான் இதுவும். பத்து வருடம் கழித்து இணைப்பு தளர்ந்தால், அது எந்தத் திருகு என்று தெரியாமல் நாங்கள் முழிப்போம்.

கல்யாணத்துக்கு வருவோம். உங்களை அவசரப்படுத்துவது அதுதான். போட்டோவில் தெரியப்போவது முன்பல், கீழ்க் கடைவாய்ப் பல் இல்லை. இந்த மாதமே ஈறுக்குள் ஆழமாகச் சுத்தம் செய்கிற வேலையை ஆரம்பியுங்கள், மூன்று நாலு தடவை போக வேண்டியிருக்கும். கூடவே ஆடுகிற முன்பற்களைப் பின்பக்கமாக மெல்லிய நார்ப்பட்டையும் பல் நிறப் பசையும் வைத்து ஒன்றோடொன்று கட்டிவிடலாம். வெளியே தெரியாது. ஆறு எட்டு வாரம் கழித்து ஈறு எப்படி ஆறியிருக்கிறது என்று பார்த்து, கார்த்திகை கடைசியில் இடப்பக்கப் பிரிட்ஜ். மார்கழியில் சர்க்கரைச் சராசரியைத் திரும்பப் பாருங்கள். கல்யாண வேலையில் அலைந்துகொண்டு, விருந்தும் தின்றுகொண்டு தாடையில் துளை போட்டுக்கொள்ள வேண்டாம். கல்யாணம் முடியட்டும், சம்பந்தி வீட்டு விருந்தெல்லாம் ஓயட்டும். எண் ஒழுங்காக இருந்தால் மாசியில் ஸ்கேன் எடுத்துக் கீழே இரண்டு திருகு. ஆறு வருடம் காலியாகக் கிடந்த இடம், இன்னும் ஐந்து மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.

பொண்ணிடம் ஒன்று சொல்லுங்கள். அனுப்புகிற பணத்தில் கொஞ்சத்தைப் பல்லிடுக்கு பிரஷ்ஷுக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வதற்கும் என்று தனியாக எடுத்துவைக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆறு மாதம் போதும். உங்களுக்கு மூன்று.

கடலை தின்னலாமா? தாராளமாக. கேப் மாட்டிய பிறகு வறுத்த கடலை, முறுக்கு, கம்பஞ்சோற்றுக்குக் கடித்துக்கொள்ள வெங்காயம், எதுவும் தடையில்லை. ஆனால் நம் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. சோற்றில் ஒரு மணல் இருந்தாலும் சட்டென்று தெரிவது அதனால்தான். இம்பிளாண்ட்டுக்கு அந்தச் சவ்வு கிடையாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. அதனால் நல்லி எலும்பை அந்தப் பக்கம் வைத்து உடைக்காதீர்கள். கரும்பை முன்பல்லால் உரிப்பதும் போன பொங்கலோடு நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தியால் சீவித் தின்றாலும் அதே இனிப்புத்தான், அதுவும் உங்கள் சர்க்கரைக்கு ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம்.

மாசியில் வைத்தால் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகும்போது வலப்பக்கம் இன்னும் பல் இருக்காது, ஈறுக்கடியில் திருகு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். கேப் வைகாசியில்தான். சந்தையில் யாராவது கடலைப் பொட்டலத்தை நீட்டினால் வாங்கி இடப்பக்கமே மெல்லுங்கள்.